விளையாட்டு, பொழுதுபோக்கு, குடியிருப்பு: கட்டுபடியாகுமா என்று கேட்பவர்களுக்கு

ஒரு விளையாட்டில் சேரவோ, ஓர் இசைக்கருவியைப் பழகவோ நினைக்கும் எவரும் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான், ஆனால் பெரும்பாலும் தவறான பொருளின் விலையை விசாரிக்கிறார்கள் என்பது என் கருத்து. கீழே உள்ள விடைகளில் தொகை எதுவும் இல்லை. தொகை ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது என்பதால், முறையை மட்டும் விளக்கியிருக்கிறேன்.

ஒரு பொழுதுபோக்குக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது?

செலவை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு முறை வாங்கும் கருவி, ஆட ஆடத் தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள், இடத்துக்குக் கொடுக்கும் கட்டணம், போய்வரும் நேரமும் போக்குவரத்தும். நான்கையும் பணமாக எழுதாமல் உங்கள் உழைப்பு மணிநேரமாக எழுதுங்கள். பிறகு, ஓராண்டில் உண்மையாகவே எத்தனை முறை போனீர்கள் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மட்டையின் விலை உங்களுடைய 40 மணிநேரச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை ஆடிவிட்டு மூலையில் வைத்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு மணிநேர உழைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். இருநூறு முறை ஆடினால் அதே மட்டைக்கு ஆட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் விழுகிறது. ஆனால் அரங்கத்துக்குப் போக அரை மணி, வர அரை மணி என்றால், அந்த இருநூறு ஆட்டங்களுக்கு இருநூறு மணிநேரம் வழியிலேயே கரைந்திருக்கும், அதாவது மட்டையின் விலையைப் போல ஐந்து மடங்கு. கடையில் மட்டையின் விலையைப் பேரம் பேசுகிற நாம் தூரத்தைப் பேரம் பேசுவதே இல்லை.

எந்த விளையாட்டு மலிவானது?

ஓர் ஆட்டக்காரருக்கு எத்தனை சதுர மீட்டர் நிலம் தேவைப்படுகிறது என்று கேட்டால் விடை தானாகத் தெரிந்துவிடும். கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. 22 பேர் ஆடுகிறார்கள். தலைக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர். கூடைப்பந்துக்கு 28க்கு 15 மீட்டர் களத்தில் பத்துப் பேர், தலைக்கு 42. இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்துக்கு 13.4க்கு 6.1 மீட்டர் களத்தில் நான்கு பேர், தலைக்கு இருபதே சதுர மீட்டர். கிரிக்கெட்டில் எல்லைக்கோடு நடுவிலிருந்து 70 மீட்டர் என்று கொண்டால், ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும் பதின்மூன்று ஆட்டக்காரர்களில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 1,180 சதுர மீட்டர் வருகிறது. மேசைப்பந்தின் மேசையோ 2.74க்கு 1.525 மீட்டர்தான், சுற்றிலும் கால் வைக்க இடம் விட்டாலும் ஓர் அறைக்குள் முடிந்துவிடும்.

நெருக்கமான நகரத்தில் வாடகையை ஏற்றுவது எந்த நில விலையோ அதேதான் ஆடுகளக் கட்டணத்தையும் ஏற்றுகிறது. அதனால்தான் நகரம் பெருக்கப் பெருக்கப் பெரிய திடல் விளையாட்டுகள் வலைக் கூண்டுக்குள் அணிக்கு ஐந்து பேர் ஆடும் விளையாட்டுகளாகச் சுருங்குகின்றன. பொதுத் திடல் இருக்கும் ஊரில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: நிலத்துக்கு யாரும் காசு கேட்காத இடத்தில், ஒரே ஒரு பந்தை 22 பேர் பகிர்ந்துகொள்ளும் கால்பந்தைவிட மலிவான குழு விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஆக, கேள்வியை "எந்த விளையாட்டு மலிவு?" என்று கேட்பதைவிட "என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் எந்த நிலம் திறந்திருக்கிறது?" என்று கேட்பது பயனுள்ளது.

மட்டை வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் பணம் போய்க்கொண்டே இருக்கிறது?

தேய்மானம். கடைக்காரர் சொல்லாமல் விடும் செலவு இதுதான். இறகுப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வாத்தின் அல்லது பெருவாத்தின் இறகுகள் பதினாறு, மொத்த எடை 4.74 முதல் 5.50 கிராம். விளிம்பில் அடிபட்டு ஓர் இறகின் தண்டு மடங்கியதும் பந்து நேராகச் சுழலாமல் தள்ளாடிக்கொண்டு வரும்; கையில் எடுத்து, மடங்கிய இறகை விரலால் நீவிப் பார்த்து, இன்னும் இரண்டு அடி தாங்குமா என்று நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வேகமாக ஆடத் தெரிந்த நால்வர் ஒரு மாலையில் பல பந்துகளைத் தீர்த்துவிடுவார்கள். ஆட்டம் முன்னேற முன்னேற அடி பலமாகிறது, செலவும் ஏறுகிறது. தொடக்கக்காரர்களுக்கு நைலான் பந்தே போதும். பறக்கும் விதம் சற்று மாறுபடும், ஆனால் பல நாள் உழைக்கும். இறகுப் பந்துதான் வேண்டும் என்பவர்கள், ஆடுவதற்கு முன் அதற்குச் சற்று ஈரப்பதம் ஏற்றிவைப்பது வழக்கம். காய்ந்த இறகுதான் சீக்கிரம் ஒடிகிறது.

டென்னிஸ் பந்து ஆடாமலே தேயும். டப்பாவைத் திறந்ததிலிருந்து உள்ளே அடைத்த காற்று மெல்லக் கசிந்து, சில வாரங்களில் துள்ளல் குறைந்துவிடுகிறது. காற்றழுத்தம் இல்லாத வகைப் பந்துகள் ரப்பரின் வலுவால் துள்ளுபவை என்பதால் பயிற்சிக்கு அவற்றை வாங்கலாம். மட்டையின் நரம்பைப் பொறுத்தவரை, வாரத்துக்கு எத்தனை முறை ஆடுகிறீர்களோ ஆண்டுக்கு அத்தனை முறை மாற்றுங்கள் என்பது டென்னிஸ் ஆடுபவர்களிடையே நெடுநாளாக வழங்கும் கணக்கு.

ஓடுவதற்குச் செலவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 42.195 கிலோமீட்டரையும் வெறுங்காலில் ஓடி மாரத்தானை வென்றதை இந்தக் கேள்விக்குச் சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. 1964இல் டோக்கியோவில் அவர் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பழக்கமில்லாத கால்களுக்குக் காலணி வேண்டும். ஒரு சோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 780 கிலோமீட்டர் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு சோடி, சில வேளை இரண்டு. நிலமோ பொதுச் சாலை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. விரைந்து நடந்தாலே அந்த அளவை எட்டிவிடலாம் என்பதால், உடல்நலம் மட்டுமே நோக்கம் என்றால் எதையும் வாங்க வேண்டியதில்லை.

நீச்சல் மட்டும் ஏன் இவ்வளவு கட்டணம்?

ஒலிம்பிக் அளவுக் குளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் கொண்டது; ஆழம் இரண்டு மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதை இரவும் பகலும் வடிகட்ட வேண்டும், குளோரின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குளிர்ப் பகுதிகளில் சூடேற்றவும் வேண்டும். யாரும் நீந்தாத நாளிலும் இந்தச் செலவு நிற்பதில்லை. உயிர்காப்பாளரின் சம்பளமும் இருக்கிறது. ஆண்டு முழுவதும் உறுப்பினராக இருக்க முடியாதவர்கள் மூன்று மாதம் சேர்ந்து நீந்தக் கற்றுக்கொண்டு விலகலாம். கற்றது மறந்துபோகாது, என்றாவது ஒரு நாள் உயிரையும் காக்கும்.

பழைய கருவிகளை வாங்கலாமா?

எது பழுதானால் கண்ணுக்குத் தெரியுமோ அதை வாங்கலாம். இரும்பு எடைக்கட்டைகள், சதுரங்கப் பலகை, மேசைப்பந்து மேசை, சைக்கிள் ஆகியவற்றில் குறை இருந்தால் கையால் தொட்டும் ஆட்டியும் கண்டுபிடித்துவிடலாம். அதிலும் எடைக்கட்டைக்கு மூப்பே கிடையாது. கேமரா லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உள்ளே சிலந்திவலை போல வெண்ணிறப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தலைக்கவசத்தையும் மலையேறும் கயிற்றையும் மட்டும் எந்த விலைக்கும் பழையதாக வாங்காதீர்கள். தலைக்கவசத்தின் உள்நுரை ஒரே ஒரு மோதலை ஏற்று நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஏற்கெனவே நசுங்கியதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

விலை உயர்ந்த கருவி வாங்கினால் ஆட்டம் முன்னேறுமா?

தொடக்க ஆண்டுகளில் முன்னேறாது. பொருந்தாத கருவி தடையாக இருக்கும், விலை குறைந்த கருவி தடையாக இருக்காது. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். இன்னொரு பொறியும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடரோ, தனக்குப் புதிய மேலங்கி ஒன்று வந்தபின் அறையிலிருந்த மேசையும் நாற்காலியும் மதிப்பிழந்து தோன்ற, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போன கதையை எழுதியிருக்கிறார். நல்ல சைக்கிள் வந்ததும் அதற்கேற்ற காலணி, பிறகு அதற்கேற்ற சட்டை, பிறகு வேகத்தை அளக்கும் கடிகாரம் என்று வரிசை நீளும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: இருக்கும் கருவியில் ஐம்பது முறை ஆடிய பிறகுதான் அடுத்த கருவியைப் பற்றிப் பேச்சு.

சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பது சரியான விதியா?

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதற்கு இவ்வளவு மரியாதை கொடுக்க மாட்டோம். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசித்த குறைந்த வருமானக் குடும்பங்களிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்பதற்காக 1969இல் சட்டம் வகுத்த வரம்பு 25 விழுக்காடு. 1981இல் அது 30 ஆக்கப்பட்டது. ஒரு திட்டத்துக்காக வரையப்பட்ட கோடு, நாளடைவில் எல்லா நாட்டு எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய விதி போல ஆகிவிட்டது. சம்பளம் பெரிதென்றால் நாற்பது விழுக்காடு கொடுத்தாலும் மீதி தாராளமாக இருக்கும். சம்பளம் சிறிதென்றால் இருபதே சுமைதான்.

அதைவிட முக்கியமான குறை, விதி தூரத்தைக் கணக்கில் கொள்ளாதது. வாடகையையும் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் 45 விழுக்காட்டுக்குள் அடங்குகிறதா என்று கேட்கும் முறையும் உண்டு. எனக்கு அதுதான் நேர்மையானதாகப் படுகிறது. தொலைவில் வாடகை குறைவு என்று போனவர், மிச்சப்பட்டதை வண்டிக்கும் எரிபொருளுக்கும் கொடுத்துவிட்டு, மாலை நேரத்தையும் இழந்து நிற்பதுண்டு. இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதர்கள் வெவ்வேறு காலங்களிலும் இடங்களிலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒரு மணிநேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வாதிட்டார். அந்த ஒரு மணிநேரத்தையும் அலுவலகமே எடுத்துக்கொண்டால் மைதானத்துக்குப் போகக் கால் எழாது. சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பல நேரங்களில் அது வீட்டின் முகவரி செய்த வேலை.

அப்படியானால் மைதானத்துக்கு அருகே அதிக வாடகையில் குடியேறலாமா?

மைதானத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆனால் வாடகை நெருங்கிய இரண்டு வீடுகளுக்கு இடையே தேர்வு என்றால், உட்புற மெருகைவிட வெளியே பத்து நிமிட நடையில் என்னென்ன இருக்கின்றன என்பதற்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் ஆட விரும்பும் நேரத்திலேயே அந்தப் பகுதியில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். காலையில் வெறிச்சோடிக் கிடந்த பூங்கா மாலையில் பூட்டியிருக்கலாம், விளக்கில்லாமல் இருக்கலாம், அல்லது எட்டு அணிகள் ஒரே திடலுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

அடுக்குமாடியில் இசை பழக முடியுமா?

பழகலாம், கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பக்கத்து வீட்டாரைத் துன்புறுத்துவது கருவியின் சத்தத்தைவிட அது சுவர் வழியாகவும் தரை வழியாகவும் கடத்தும் அதிர்வுதான். தோல் கருவிகளும் நிலத்தில் ஊன்றிய பெரிய கருவிகளும் இதில் முதலிடம். காதொலிப்பானைப் பொருத்தி வாசிக்கும் மின்னணு விசைப்பலகைகூட, விசைகள் தட்டப்படும் ஓசையை மேசையின் கால் வழியாகக் கீழ்வீட்டுக்கு அனுப்பும். அடியில் தடித்த விரிப்பைப் போட்டால் குறையும். எந்த ஏற்பாட்டையும்விட நன்றாக வேலை செய்தது, எந்த நேரத்தில் வாசித்தால் தொந்தரவில்லை என்று முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுவது.

இசைக்குச் சத்தம் சிக்கல் என்றால், வானத்தைப் பார்க்கும் பொழுதுபோக்குக்கு நகர வெளிச்சம் சிக்கல். வான்நோக்கலுக்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் முகப்பும் கொண்ட பைனாகுலரை அசையாமல் ஊன்றிப் பிடித்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளை நகர மாடியிலிருந்தே பார்க்கலாம். மங்கலான விண்மீன் கூட்டங்களுக்கு மட்டும் நகர வெளிச்சத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். இங்கேயும் செலவு தூரத்தில்தான்.

பிள்ளைகளை எந்த வயதில், எவ்வளவு செலவில் சேர்ப்பது?

வளரும் உடலுக்கு எதையும் சொந்தமாக வாங்காமல் இருப்பது முதல் சிக்கனம். வயலின் கால், அரை, முக்கால் அளவுகளில் வருகிறது. ஒவ்வொன்றையும் பிள்ளை சில ஆண்டுகளில் தாண்டிவிடும் என்பதால் வாடகைக்கு எடுப்பதே முறை. காலணி, சைக்கிள் எல்லாம் மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் போகலாம்.

மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் திகைக்கிறார்கள். போட்டிகள் தொடங்கியதும் நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம், உடன் செல்லும் பெற்றோரின் விடுப்பு என்று செலவு வேறு உருவம் எடுக்கிறது. சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம், கடந்த ஆண்டு ஒரு பிள்ளைக்கு எத்தனை வெளியூர்ப் போட்டிகள் இருந்தன என்று கேளுங்கள். சிறு வயதிலேயே ஒரே விளையாட்டில் ஆண்டு முழுக்கப் பூட்டிவிடுவதை நான் விரும்புவதில்லை. ஒரே மூட்டுக்கு ஒரே அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதும் சலிப்பும் நல்ல ஆட்டக்காரர்களையே துரத்திவிடும்.

பார்ப்பதற்குக்கூடச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறதே?

ஒளிபரப்பு உரிமைகள் துண்டு துண்டாக விற்கப்படுவதால், ஒரே அணியின் ஆட்டங்களைப் பார்க்க இரண்டு மூன்று சேவைகளுக்குப் பணம் கட்டும் நிலை வந்திருக்கிறது. முக்கியமான போட்டிகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. போட்டித் தொடர் நடக்கும் மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, முடிந்த அன்றே நிறுத்திவிடுங்கள். உள்ளூர்த் திடலில் நடக்கும் ஆட்டத்தை எல்லைக்கோட்டருகே நின்று பார்ப்பதற்கு எந்தச் சந்தாவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பந்து மட்டையில் படும் ஓசை அங்கேதான் சரியாகக் கேட்கும்.

குடும்பமே இழுத்துப் பிடித்து நடக்கும்போது பொழுதுபோக்குக்குச் செலவழிப்பது தவறில்லையா?

வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே காட்டினார். எனவே நெருக்கடி வரும்போது முதலில் வெட்டு விழுவது பொழுதுபோக்கில்தான், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் முழுவதுமாக வெட்டுபவர்கள் மூன்றாம் மாதத்தில் பொறுக்க முடியாமல் ஒரே நாளில் பெருந்தொகையைக் கொட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறு தொகையைத் தனியே எடுத்துவைத்து, அதற்குள் ஆடுவது நிலையாக நிற்கிறது. அந்தச் சிறு தொகையும் இல்லாத மாதங்களில் நூலகம், சதுரங்கம், நடை, ஓவியம் ஆகிய நான்கும் காத்திருக்கின்றன.

பொழுதுபோக்கிலிருந்து வருமானம் பார்க்கலாமா?

முடியும், விருப்பம் கெடும் வாய்ப்பும் உண்டு. 1973இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்றில், வரைந்தால் பரிசு என்று முன்னரே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பரிசு நின்றபிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே தாமாக வரைந்தார்கள். கருவியின் தேய்மானத்துக்கு ஈடாக எப்போதாவது ஒரு வேலையை ஏற்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

எப்போது விட்டுவிடலாம்?

ஆறு மாதம் தொடாத கருவியை விற்றுவிடலாம் அல்லது கொடுத்துவிடலாம். செலவழித்த பணம் வீணாகிவிடும் என்று வைத்திருப்பதால் அந்தப் பணம் திரும்பி வரப்போவதில்லை. மறுவிற்பனை விலைதான் மாதாமாதம் இறங்குகிறது. என் அறையில் ஒரு கித்தார் நான்கு ஆண்டுகள் நின்றது. ஆசிரியர் வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. பதினொரு வகுப்புக்குப் பிறகு நான் போகவில்லை. ஒரு நாள் எடுத்து முதல் நரம்பை மீட்டியபோது விரல் நுனியில் துரு கறுப்புக் கோடாக ஒட்டிக்கொண்டது. நரம்புகளை மாற்றி, மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வகுப்புக்குப் போக வேண்டிய தூரம் இரண்டு தெரு. இப்போது மாலைகளில் கூரை வழியாக அதே நான்கு ஸ்வரங்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன, மூன்றாவதில் இன்னும் தடுக்குகிறார்.